ஆகஸ்டு மாதச் சம்பளச் சீட்டு

உபகாரச் சம்பளப் பாரத்தில்
பெயர் எழுத இருபத்து நான்கு கட்டம்.
நிரஞ்சனாதேவி பதின்மூன்றைத் தின்றுவிட்டாள்.
ஓர் இடைவெளி, ஏ, சாய்கோடு, பி, இன்னோர் இடைவெளி.
மீதி ஆறில் அப்பாவை ஏற்றினேன்.
காவேரி உள்ளே, நாதன் வெளியே.
கட்டைவிரல் நகம் அளவு நண்டுக்குக்கூட
இரண்டு சொல் முழுதாகத் தருகிறோம்
எங்கள் துறையில்.

உயிரியல், இரண்டாம் ஆண்டு, புள்ளி 3.61.
அதெல்லாம் சிக்கலில்லை.
சிக்கல் பத்தாம் கேள்வி:
குடும்ப வருமானம், கடைசிச் சம்பளச் சீட்டின்படி.
வரம்பு மூவாயிரம் வெள்ளி.
அம்மாவின் கேண்டீன் கூலியும் சேர்ந்து
எங்களுடையது மூவாயிரத்து அறுபத்திரண்டு.

அந்த அறுபத்திரண்டு எங்கே என்று கேட்டால்
காட்ட முடியும். காலில் போட்டிருக்கிறேன்.
முட்டி வரை கறுப்பு ரப்பர்,
களப்பணிக்குக் கட்டாயம் என்றார்கள்.
பிறை கிடங்கில்
நான்கு ஞாயிற்றுக்கிழமை போர்க்லிப்ட் ஓட்டி
அப்பா வாங்கிய பூட்ஸ்.
ஒரு நம்பர் பெரிது.
வளருவேன் என்று நினைத்தாரோ என்னவோ,
இருபது வயதில்.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும்.
பிறகு, “அடுத்த மாசம் ஓட்டி வேணாம்னு சொல்லிரவா?”
அடுத்த மாசச் சீட்டை யாரும் கேட்கவில்லை, அப்பா.

பாலிக் பூலாவ் சேற்றில்
ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டுவிட்டு
பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.
நிழல்கூட விழக் கூடாது.
முதலில் வெறும் துளைகள்.
பிறகு ஒன்று எட்டிப் பார்க்கும்,
ஒரு கை பெருத்த ஆண் நண்டு.
பெரிய கையை ஆட்டி ஆட்டிக் காட்டும்.
சாப்பிடுவதெல்லாம் சின்னக் கையால்தான்.

அன்று பதினேழு எண்ணினேன்.
பதினெட்டாவதை எண்ணும்போதுதான்
கடிதம் வந்தது, முழு வாக்கியங்களாக.

ஐயா, அம்மையீர்,
வாவு நாளில் பெருக்கு நேரத்தில் வந்து நின்றால்
இங்கே சேறே இல்லை, கடல்தான் என்று எழுதுவீர்கள்.
பொய்யில்லை.
ஆனால் ஓத அட்டவணை பார்க்காமல்
நாங்கள் யாரும் எண்ணப் போவதில்லை.
ஆகஸ்டு எங்கள் வீட்டின் பெருக்கு.
ஜூன், ஜூலைச் சீட்டுகளும் இணைத்திருக்கிறேன்.
தயவுசெய்து வற்றிலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

மலாயில் எழுதினேன், ஒரு பக்கத்துக்குள்.
இலக்கணத்தை ஜாசிந்தா திருத்தினாள்.
சபாவிலிருந்து முழு உதவித்தொகையோடு வந்தவள்.
பிரிண்ட் எடுக்கச் சில்லறையும் அவள்தான் தந்தாள்.
கோபப்பட இடமே வைக்காத பெண்.
பூட்ஸ் பற்றி மட்டும் எழுதவில்லை.
அது குழுவுக்கு எதற்கு?

கவுண்டரில் புவான் ரொஹானி
நின்றபடியே கடிதத்தைப் படித்தார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“இந்த நண்டு சம்பலுக்கு ஆகுமா?”
“ஆகாது புவான். தோடுதான் மிஞ்சும்.”
“அப்புறம் எதுக்கு எண்ணுற?”
பதில் யோசிப்பதற்குள் தேதி முத்திரை விழுந்தது.
மூன்று சீட்டு, ஒரு கடிதம்,
ஸ்டேப்ளர் இரண்டு முறை கடித்தது.
முதல் தடவை ஊசி வளைந்துவிட்டது.

முடிவு ஆறு வாரத்தில்.
வற்று நாலு பத்துக்கு.
பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு
பாலிக் பூலாவ் பஸ்ஸுக்கு ஓடினேன்.
இந்த முறை இரண்டு காலுறை போட்டேன்.
சரியாக இருந்தது.